நான்காம் அத்தியாயம்: கல்லூரி நாட்காட்டியும் ஆசிரியர் பயிற்சியும்

வரும் ஆண்டில் நடைபெறவிருக்கும் விழாக்கள், போட்டிகள், பரீட்சைகள் ஆகியவற்றையும் ஆசிரியர்களுக்குரிய பயிற்சிகளையும் ஒரே நாட்காட்டியில் ஒழுங்குபடுத்தித் தரும்படி அதிபர் உங்களைப் பணித்திருப்பாராயின், அதனை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய எழுத்து வேலையென்று எண்ணி இறங்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இப்பொறுப்பு பெரும்பாலும் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவரின் தலையிலே வந்து விழுவது வழக்கம். அவரும் சென்ற வருடத் தாளை எடுத்துத் திகதிகளை மாத்திரம் மாற்றி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு அமைதியடைவார். பெப்ரவரி முடியுமுன் அத்தாளை எவரும் ஏறிட்டும் பாரார்.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றேயொன்று: பயிற்சி நாட்களை முதலிற் குறியுங்கள், விழா நாட்களை அதன் பின்னர் குறியுங்கள். விழாவுக்கு வேண்டிய நாளைக் கேட்டு வாங்குவதற்குப் பழைய மாணவர் சங்கமும், பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், பிரதம விருந்தினரின் காரியதரிசியும் வரிசையாக வந்து நிற்பார்கள். பயிற்சி நாளுக்காகப் பரிந்து பேச எவரும் வருவதில்லை. ஆகையால் எஞ்சிய நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதனை ஒத்திவைத்தால், எஞ்சிய நாள் என்று ஒன்று வராமலே வருடம் முடிந்துபோம்.

எழுதத் தொடங்குமுன் சேர்க்கவேண்டியவை

1. கல்வி அமைச்சின் தவணைச் சுற்றுநிருபம். இது கைக்கு வருமுன் மையினால் எதையும் எழுதவேண்டாம். முதலாந் தவணை தை மாதத்தில் தொடங்கும் என்ற பழைய நம்பிக்கை 2020இன் பின்னர் பல ஆண்டுகள் பொய்த்துப்போயிற்று. 2022இல் ஏப்ரலிலும், 2023இல் மார்ச்சிலும், 2024இல் பெப்ரவரியிலுமே புதிய கல்வியாண்டு ஆரம்பமாயிற்று.

2. பரீட்சைத் திணைக்களம் அறிவித்த திகதிகள். க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம், ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, உங்கள் கல்லூரி பரீட்சை நிலையமாகுமா, விடைத்தாள் மதிப்பீட்டு நிலையமாகுமா என்பதையும் அதிபரிடம் கேளுங்கள். பிரதான மண்டபத்தைத் திணைக்களம் எடுத்துக்கொண்டால், அக்காலம் முழுவதும் உங்களுக்கு மண்டபம் இல்லை என்பதே பொருள்.

3. வலயக் கல்வி அலுவலகத்தின் சேவைக்காலப் பயிற்சி அட்டவணை. யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உண்டு. உங்கள் வலயத்தின் அட்டவணை முழுமையாக வராதிருந்தாலும், வந்த அளவையாவது நேரிற் சென்று வாங்கிக்கொள்ளுங்கள். தபாலை நம்பிக் காத்திருப்பது நேரநட்டம்.

4. சென்ற வருடத்துச் சம்பவத் திரட்டும் ஆசிரியர் வரவுப் பதிவேடும். எந்த வாரங்களில் ஆசிரியர் வரவு குன்றியது என்பதை இவையிரண்டும் ஒளிவுமறைவின்றிக் காட்டும்.

5. நல்ல பஞ்சாங்கம் ஒன்று. இதைக் கேட்டு நகைப்பவர்கள், அடுத்த பகுதியைப் படித்தபின் நகைக்கட்டும்.

அசையாத நாட்களைக் குறித்தல்

பென்சிலை எடுத்து, உங்களால் மாற்றமுடியாத நாட்களை முதலில் அடைத்துவிடுங்கள். அரசாங்க விடுமுறைகளும் பூரணை தினங்களும் அச்சிட்ட நாட்காட்டியிலேயே இருப்பன. அவற்றைப் பற்றி விரிக்கவேண்டியதில்லை. குடாநாட்டுக்கே உரிய நாட்கள் சிலவற்றையே புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் இருபத்தைந்து நாட்கள் நடைபெறுவது. இருபத்துநான்காம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். அது அமாவாசையைப் பற்றி வருவதாகையால் ஆங்கிலத் திகதி ஆண்டுக்காண்டு பெயர்ந்துகொண்டேயிருக்கும்: 2024இல் ஓகஸ்ட் 9ஆம் திகதி ஏறிய கொடி, 2025இல் யூலை 29ஆம் திகதியே ஏறிவிட்டது. சென்ற வருடத் தாளைப் பார்த்து எழுதுகிறவர் தவறி விழுகிற இடம் இதுவே. உற்சவ காலத்தில் கோயிற் சுற்றாடல் வீதிகள் மூடப்படுவதனால், நகரத்துக் கல்லூரிக்குத் தென்மராட்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆசிரியர் ஒருவர் காலைக் கருத்தரங்குக்கு நேரத்துக்கு வந்துசேர்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. வடமராட்சியில் இருப்பவர்கள் செல்வச்சந்நிதி உற்சவத்தையும், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டத் திருவிழாவையும் கணக்கிற் கொள்ளவேண்டும். பொங்கலுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ஒருவரையும் காணோமே என்று வருந்துவதில் பயனில்லை. நவராத்திரி வாணி விழாவும் விஜயதசமியும் கல்லூரிக்குள்ளேயே நடப்பவை.

இவற்றோடு பெருந் துடுப்பாட்டப் போட்டிகளும் சேரும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்குமிடையே 1904இல் தொடங்கிய போட்டி வடக்கின் பெருஞ்சமர் என்ற பெயரால் மார்ச்சு மாதத்தில் மூன்று நாட்களுக்கு நகரத்தை அமர்க்களப்படுத்துவது, பரி. பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் 1917 முதல் ஆடிவருகிற போட்டியும் இத்தகையதே. நீங்கள் அந்த நான்கு கல்லூரிகளில் ஒன்றைச் சேராதவராயினும், உங்கள் ஆசிரியர்களுள் அவற்றின் பழைய மாணவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

காற்றும் மழையும்

குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்வது. 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சையே தொடங்கிய இரண்டு நாட்களில் இடைநிறுத்தப்பட்டு டிசெம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடர்ந்ததென்றால், உங்கள் பரிசளிப்பு விழாவை மழை விட்டுவைக்கும் என்று எவ்வாறு நம்புவது? நவம்பரில் திறந்தவெளி நிகழ்ச்சி எதனையும் வைக்காதீர்கள். அம்மாதம் பயிற்சிக்கு உகந்ததா என்றால், மண்டபம் ஒழுகாதாயின் உகந்ததே. ஆயினும் மாற்று நாள் ஒன்றை அருகிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். மழைக்குப் பின் வளவில் தேங்கும் நீர் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் கொண்டுவருவதாகையால், மழை ஓய்ந்த முதல் வாரத்தில் அரைநாளைச் சிரமதானத்துக்கென ஒதுக்குவது அவசியம். வெறுங்காலுடன் பிள்ளைகளைச் சேற்றுநீரில் இறக்கவேண்டாம்.

வைகாசிக்குப் பின் வீசும் சோளகக் காற்றைப் பந்தற்காரர் அறிவார், நிகழ்ச்சி ஒழுங்கமைப்பாளர் அறியார். யூன், யூலை மாதங்களில் மைதானத்திற் போடப்படும் தகரப் பந்தலின் மேற்கு, தென்மேற்குப் பக்கக் கால்களை இரட்டிப்பாகக் கட்டும்படி சொல்லி, நிகழ்ச்சிக்கு முதல்நாள் மாலை நீங்களே சென்று ஒவ்வொரு கயிற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

பயிற்சி நாட்களைத் தெரிதல்

இனி வேலையின் நடுப்பகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரைப் பயிற்றுதல் புதிதாகத் தோன்றிய நாகரிகமன்று, பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் விரிவுரையாற்றிய திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையும், நூற்றாண்டு கண்ட கோப்பாய் ஆசிரிய கலாசாலையும் ஊர்தோறும் ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பிய ஸ்தாபனங்கள். ஆனால் உத்தியோகம் ஏற்ற பின்னர் ஆசிரியர் ஒருவர் இடையறாது கற்றுக்கொண்டிருப்பதற்குரிய ஏற்பாடு, அவர் கற்பிக்கும் கல்லூரியின் நாட்காட்டியிலேயே இருத்தல் வேண்டும்.

பின்வரும் ஒழுங்கிற் செல்லுங்கள்.

1. முதலில் தேவையைக் கேளுங்கள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் அரைத்தாள் கொடுத்து, தம் பாடத்தில் எந்த அலகைக் கற்பிப்பது தமக்கு இடர்ப்பாடாக இருக்கிறது என்று பெயரிடாது எழுதித் தரச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு எந்தப் பயிற்சி வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் கணினி என்றே எழுதுவார்கள்; இடர்ப்பாட்டைக் கேட்டால் உண்மை வரும்.

2. வந்த தாள்களைப் பாடவாரியாகப் பிரித்துப் பகுதித் தலைவர்களுடன் அமர்ந்து, வருடத்துக்கு நான்கு விஷயங்களுக்கு மேற்படாமல் தெரிந்தெடுங்கள். தவணைக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று. இதுவே ஒரு கல்லூரி தாங்கும் அளவு.

3. யார் நடத்துவது என்பதைத் தீர்மானியுங்கள். பாடத்திட்டம் பற்றிய ஐயங்களுக்கு வலயத்தின் ஆசிரிய ஆலோசகரே பொருத்தமானவர். கற்பித்தல் முறை, கணிப்பீடு ஆகியவற்றுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்வியியற்றுறையினரையும், கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி விரிவுரையாளரையும் அணுகலாம். முதலுதவிக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் யாழ்ப்பாணக் கிளை உண்டு. மகரகமத் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி நூல்களைப் பயிற்சிக்கு முன்னரே பெற்று, உரிய பக்கங்களைப் பிரதி செய்து கொடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு வருபவர் கேட்டுவிட்டு வெறுங்கையோடே திரும்புவார்.

4. கல்லூரிக்குள்ளேயே இருக்கும் வளவாளரை மறவாதீர்கள். கணிதத்திற் பின்னங்களை அழகாகக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் உங்கள் ஆசிரியர் அறையிலேயே அமர்ந்து கொப்பி திருத்திக்கொண்டிருக்கக் கூடும். வெளியிலிருந்து வந்தவர் பேசினால்தான் பயிற்சி என்ற மயக்கம் எங்கள் கல்லூரிகளில் இன்னும் போகவில்லை.

5. நாளைக் குறியுங்கள். தவணையின் இரண்டாம், மூன்றாம் வாரங்களே சிறந்தவை. முதல் வாரத்தில் நேரசூசி நிலைகொள்ளாது. இறுதி வாரங்களில் தவணைப் பரீட்சையும் தேர்ச்சி அறிக்கையும் ஆசிரியரின் மனத்தை முழுமையாகப் பிடித்துக்கொள்ளும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குரிய பயிற்சி நடக்கும் வாரங்களில் பிற்பகலைத் தொடவே வேண்டாம்.

குறிப்பு: பட்டப்பின் கல்வி டிப்ளோமா போன்ற நீண்ட கற்கைகளைப் பின்பற்றுகிற ஆசிரியர்களின் பரீட்சைத் திகதிகளையும் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் ஒரே வாரத்தில் மூவர் நால்வராக லீவிற் செல்வார்கள்.

கடிதமும் பதிலீடும்

பயிற்சிக்கு வெளியே அனுப்பப்படுகிற ஆசிரியரின் கடிதம் அதிபரின் மேசையில் இருக்க, செய்தி மாத்திரம் முதல்நாள் இரவு தொலைபேசியில் வருவது எங்கும் காணப்படும் வழக்கம். “ரீச்சர், நாளைக்கு உங்களுக்குக் கோப்பாயில கருத்தரங்காம், இப்பதான் கடிதத்தைக் கண்டனான்” என்று அலுவலக உதவியாளர் சொல்ல, “தம்பி, நாளைக்கு எங்கட வீட்டில மாமியின்ர திவசமெல்லே, ஒரு கிழமைக்கு முந்திச் சொல்லப்படாதோ?” என்று மறுமுனையிலிருந்து வரும் பதிலில் உள்ள நியாயத்தை மறுக்க முடியுமா? இதைத் தவிர்ப்பதற்கு:

1. பயிற்சி தொடர்பான கடிதங்களுக்கெனத் தனிக் கோவை ஒன்று வைத்து, கடிதம் கிடைத்த அன்றே நாட்காட்டியில் ஏற்றி, உரிய ஆசிரியரிடம் கையொப்பம் பெறுங்கள்.

2. அந்நாள் கடமை லீவாகக் கொள்ளப்படுவதற்கு அதிபரின் அனுமதி எழுத்தில் இருத்தல் வேண்டும். வருகையைச் சம்பவத் திரட்டிலும் பதியச் செய்யுங்கள். பின்னாளிற் பதவியுயர்வுக் கோவையைச் சமர்ப்பிக்கும்போது சான்றிதழ்களைத் தேடி அலைபவர்களின் அவதியை நேரிற் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3. பதிலீட்டு ஆசிரியரை நேரசூசிக்குப் பொறுப்பானவருடன் பேசி முன்கூட்டியே நியமியுங்கள். ஒரே நாளில் ஒரே தரத்துக்குக் கற்பிக்கும் இருவரை வெளியே அனுப்பாதீர்கள். ஆசிரியரற்ற வகுப்பில் நேரிடும் விபத்துக்குப் பயிற்சியை ஒருவரும் சாட்டாகக் கொள்ள மாட்டார்.

மாகாணப் பாடசாலையாயின் வலயத்தின் ஊடாகவே எழுதவேண்டும். தேசிய பாடசாலை மத்திய அமைச்சின் கீழது. 1960இல் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தனித்து நின்ற யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்றவை தத்தம் நிருவாக சபைகளின் அனுமதியைப் பெறவேண்டும். உங்கள் கல்லூரி எவ்வகையது என்பதை அறிந்தே கடிதத்துக்கு முகவரி எழுதுங்கள்.

பயிற்சி நாளன்று

மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரே விரிவுரையைக் கேட்கும் சக்தி, நாள்தோறும் தாமே விரிவுரை செய்பவர்களுக்குக் கிடையாது. முதல் ஒரு மணித்தியாலம் விளக்கம், அதன்பின் ஆசிரியர்களே சிறு குழுக்களாக அமர்ந்து அடுத்த கிழமை தாம் கற்பிக்கவிருக்கும் பாடம் ஒன்றைத் தயாரித்தல் என்று பகுத்தால் நன்று. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, நன்றியுரை ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் கொடுங்கள். மங்கல விளக்கேற்றுவதற்கு ஒருவர் போதும், ஒன்பது பேர் வேண்டாம்.

தீவகத்து ஆசிரியர்களை அழைத்திருந்தால், முடிவு நேரத்தை முதலிற் கடற்பயணத்தைப் பார்த்துக் குறியுங்கள். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் திரும்பவேண்டியவர்கள் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் படகு பிடிக்கவேண்டியவர்கள். பயிற்சி அரைமணி நீண்டால், அவர்களின் மனம் கடிகாரத்திலேயே இருக்கும், படகும் தவறலாம். கடல் கொந்தளிக்கும் காலத்தில் அவர்களை அழைக்காமல், வளவாளரைத் தீவுக்கு அனுப்பி அங்கேயே பயிற்சி நடத்துவது மேல்.

உணவு சிறு விஷயமன்று. வெள்ளிக்கிழமையாயின் மரக்கறிச் சாப்பாடு. உற்சவ காலத்தில் எந்நாளும் மரக்கறியே. பத்தரை மணித் தேநீரும் வடையும் பிந்தினால் பதினொரு மணிக்குப் பின் சொல்லப்படுவது எதுவும் காதில் ஏறாது. மின்சாரம் நின்றுபோனால் நடத்தக்கூடியதாகப் பயிற்சியின் ஒரு பகுதியைக் கரும்பலகையிலும் தாளிலும் அமைத்துக்கொள்ளும்படி வளவாளரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். மின்பிறப்பாக்கியை வாடகைக்கு எடுத்தால் அதனை மண்டபத்துக்குள்ளோ யன்னலுக்கு அருகிலோ வைக்கவிடாதீர்கள். அதன் புகை மணமின்றியும் மனிதரைக் கொல்லும்.

பயிற்சிக்குப் பின்

இங்கேதான் பெரும்பாலான கல்லூரிகள் கைவிட்டுவிடுகின்றன. சான்றிதழ் வழங்கிப் புகைப்படம் எடுத்ததோடு பயிற்சி முற்றிற்று என்று கொள்ளப்படுகிறது. நான் சொல்வது இது: பயிற்சி நாளைக் குறிக்கும்போதே, அதிலிருந்து மூன்று வாரத்துக்குள் இன்னொரு நாளையும் ‘செய்து காட்டல்’ என்று குறித்துவிடுங்கள். அந்நாள் முழுநாளாக வேண்டியதில்லை. ஒரு பாடவேளை போதும். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பிலேயே, தாம் கற்றதைக் கொண்டு ஒரு பாடத்தை நடத்த, அதே பாடத்தைக் கற்பிக்கும் இருவர் பின்வாங்கில் அமர்ந்து பார்க்கட்டும். பார்ப்பவர் ஆசிரியரைக் குறித்து எதுவும் எழுதக்கூடாது. எத்தனை மாணவர் வாய் திறந்தனர், எவ்விடத்தில் திகைத்தனர், எந்த வினாவுக்குப் பின் வகுப்பு விழித்துக்கொண்டது என்பவற்றையே எழுதவேண்டும். அதிபர் அன்று உள்ளே வராதிருப்பது நன்று. அவர் வந்தால் அது மேற்பார்வையாகிவிடும்.

கல்விசாரா ஊழியர்

நாட்காட்டியில் இவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கிய கல்லூரிகள் குறைவு. காவலாளிக்குத் தீயணைக்கும் கருவியை இயக்கத் தெரியாவிட்டால் அது சுவரில் தொங்குவதனால் என்ன பயன்? ஆய்வுகூட உதவியாளருக்கு அமிலங்களைக் கையாளுதல், நூலகருக்குக் கணினிப் பதிவு, எல்லோருக்கும் முதலுதவி என்று வருடத்தில் ஒரு நாளேனும் ஒதுக்குங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018ஆம் ஆண்டு யூலையில் வடக்குக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்விலக்கத்தை வாயிற் காவலறையிலும் மைதானத்துப் பக்கமும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

விழா நாட்களில் அவதானம்

இனி எஞ்சிய நாட்களில் விழாக்களை வையுங்கள். மெய்வல்லுநர் போட்டியின் ஓட்டங்களைக் காலை பத்து மணிக்கு முன்னும் மாலை மூன்றரைக்குப் பின்னும் அமைக்கவேண்டும். வெயில் மிகுந்த காலத்தில் வெளிக்கள விளையாட்டைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சே அறிவுறுத்திய ஆண்டுகள் உண்டு. பிரதம விருந்தினர் பிந்துவாராயின் பிள்ளைகளை அணிவகுப்பில் நிறுத்திவைக்காமல் நிழலில் இருத்துங்கள். நெடுந்தூர ஓட்டத்தில் பங்குபற்றுபவர்களிடம் வைத்தியச் சான்றிதழ் பெறாமல் ஒருவரையும் ஓடவிடலாகாது.

கல்விச் சுற்றுலாவை நாட்காட்டியில் எழுதுமுன் அனுமதிக்குரிய காலத்தைக் கணக்கிடுங்கள். கண்டி வீதியாற் செல்லும்போது முகமாலைப் பகுதியில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் எக்காரணங் கொண்டும் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளை வீதியோரத்துக்கு இறக்கவேண்டாம் என்று சாரதிக்கும் பொறுப்பாசிரியருக்கும் எழுத்திற் கொடுங்கள்.

வழக்கமான பிழைகள்

ஒரே வாரத்தில் பரிசளிப்பு விழாவும் பயிற்சியும் வருமாறு விட்டு, விழா ஒத்திகையைக் காட்டிப் பயிற்சியை இரத்துச் செய்தல். இது எல்லாவற்றிலும் கேடானது.

ஒவ்வொரு கருத்தரங்குக்கும் அதே இரு ஆசிரியர்களை, இணக்கமானவர்கள் என்பதற்காக அனுப்புதல். மற்றையோர் பயிற்சியில்லாமலும், அவ்விருவரின் வகுப்பு ஆசிரியரில்லாமலும் போம்.

சனி, ஞாயிறு தினங்களைப் பயிற்சிக்கென எழுதுதல். ஓய்வுநாளைப் பறித்துக் கொடுக்கும் அறிவை எவரும் விரும்பி ஏற்பதில்லை. தவிரவும், சிறு பிள்ளைகளின் தாய்மாராகிய ஆசிரியைகளே இதனால் முதலில் விடுபடுகிறார்கள்.

ஒரு சதுரமும் வெறுமையாக இல்லாதபடி நாட்காட்டியை நிரப்புதல். மாதத்துக்கு இரண்டு நாட்களாவது எதுவும் எழுதாமல் விடுங்கள். மழையும், எதிர்பாராத சுற்றுநிருபமும், பழைய அதிபர் ஒருவரின் மறைவும் அந்நாட்களைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

ஒட்டுதலும் திருத்துதலும்

வரைந்த தாளை முதலில் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் தொங்கவிட்டு, மாற்றம் வேண்டுவோர் காரணத்தோடு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதன் பின்னரே அதிபரின் கையொப்பத்தைப் பெற்று அறிவித்தற் பலகையில் இடவேண்டும். பயிற்சி நாள் ஒன்றை மாற்றுவதாயின், மாற்று நாளை எழுதாமல் பழைய நாளை அழிக்கக்கூடாது என்ற ஒரு விதியைக் கூட்டத்திலே முன்மொழிந்து நிறைவேற்றிக்கொள்ளுங்கள். இவ்விதி இல்லாத கல்லூரியில் ஒத்திவைப்பு என்பது கைவிடலின் மரியாதையான பெயர். ஒவ்வொரு தவணை முடிவிலும் அத்தாளைக் கழற்றி, நடந்தவற்றுக்கு நீல மையாலும் நடவாதவற்றுக்குச் சிவப்பு மையாலும் அடையாளமிட்டு, நாள் மாறியதன் காரணத்தை ஓரத்தில் ஒரு வரியில் எழுதி, முன்னர் சொன்ன பயிற்சிக் கோவையிலேயே சேர்த்துவிடுங்கள். அடுத்த வருடம் இப்பணி வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டால், அவர் உங்களைத் தேடி வீட்டுப் படலைக்கு வரவேண்டியிராது.